காவிரிக் கரையிலிருந்து வைகைக் கரை வரை: நான்கு நகரங்களை முதன்முறையாகக் காணச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ பிறந்து வளர்ந்து, உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் மட்டும் தெற்கே வந்து, கல்யாண மண்டபத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே ஊரைக் கடந்துபோன தமிழர்கள் பலரை நான் அறிவேன். நம் நாட்டில் முதலில் எந்த ஊரைப் பார்ப்பது என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் நான்கு ஊர்களைச் சொல்கிறேன்: கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை. எனக்கு மிகவும் பிடித்த ஊர்கள் என்பது ஒரு காரணம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில மணி நேரத்தில் ரயிலிலோ பேருந்திலோ போய்விடலாம் என்பதும், எட்டு நாள் விடுப்பு எடுத்தால் நான்கையும் அவசரமின்றிப் பார்த்துவிடலாம் என்பதும் மற்ற காரணங்கள்.

திட்டமிடத் தொடங்கும் முன்பே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இவை கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்கள். கோயில் நடை விடியலில் திறக்கும். பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரை மணி அளவில் சாத்தப்படும். மாலை நான்கு மணி அளவில் மறுபடியும் திறக்கும். பூக்கடையும் காபிக்கடையும் தேரடித் தெருவும் அந்த ஒழுங்கின்படியே விழித்து, ஓய்ந்து, மீண்டும் விழிக்கின்றன. என் முதல் தஞ்சைப் பயணத்தில் இது எனக்குத் தெரியவில்லை. திருச்சியில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் பார்த்துத் திரும்பிவிடலாம் என்று கிளம்பி, சித்திரை மாத வெயிலில் பன்னிரண்டே முக்காலுக்குப் பெரிய கோயிலுக்குள் வெறுங்காலுடன் நின்றேன். நடை சாத்தியிருந்தது, தரை கொதித்தது. நிழல் இருந்த திருச்சுற்று மாளிகையை நோக்கி ஓடியதைத் தவிர அன்று நான் செய்ததாக எதையும் சொல்ல முடியாது. அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை எளிமையானது: எந்த ஊரைப் பார்க்கிறோமோ அந்த ஊரிலேயே இரவு தங்க வேண்டும், காலை ஆறு முதல் பத்து வரையிலும் மாலை நான்கு முதல் ஒன்பது வரையிலும் ஊரைப் பார்க்க வேண்டும், நடுப்பகலை உணவுக்கும் உறக்கத்துக்கும் கூரை உள்ள அருங்காட்சியகங்களுக்கும் விட்டுவிட வேண்டும். கீழே சொல்லப்படும் எல்லாம் இந்த முறையை ஒட்டியே அமைந்தவை.

முதல் வேலை: நாள் பார்ப்பது

பங்குனி தொடங்கி ஆவணி வரை வெயில் கடுமையாக இருக்கும். மே மாதத்தில் கத்திரி வெயில் நாட்களில் முதன்முறை வருவோர் இந்தப் பயணத்தை நினைக்கவே வேண்டாம். அக்டோபர் இறுதியிலிருந்து டிசம்பர் முதற்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை உண்டு. கார்த்திகையிலும் மார்கழியிலும் ஐயப்ப பக்தர்களும் மேல்மருவத்தூர் பக்தர்களும் பெருங்கூட்டமாக வருவதால் மதுரையிலும் ஸ்ரீரங்கத்திலும் வரிசை நீளும். ஆகவே பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு வரும் ஜனவரி இறுதி வாரங்களை நான் பரிந்துரைக்கிறேன். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. அதற்குள் வந்துவிட்டால் காவிரியில் நீர் ஓடுவதையும், சம்பா வயல்கள் அறுவடைக்கு முற்றி நிற்பதையும் ரயில் ஜன்னலிலிருந்தே காணலாம். பிப்ரவரிக்குப் பிறகு வருபவர் ஆற்றில் மணலைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்.

தேதியை முடிவு செய்யும் முன் நாள்காட்டியில் முகூர்த்த நாட்களைக் கட்டாயம் பாருங்கள். இது சிறிய விஷயம் என்று தோன்றலாம். ஒரு வைகாசி முகூர்த்தத்தன்று என் அம்மாவுடன் கும்பகோணத்தில் இறங்கியபோது, இணையவழியில் பணம் கட்டிப் பதிவு செய்திருந்த அறையைத் திருமண வீட்டார்க்குக் கொடுத்துவிட்டதாக விடுதியில் சொன்னார்கள். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நான்கு விடுதிகள் ஏறி இறங்கி, பதினொரு மணிக்கு மேல் ஓர் அறை கிடைத்தது. அன்றிலிருந்து, இணையத்தில் பதிவு செய்தாலும் புறப்படுவதற்கு முந்தைய நாள் விடுதிக்குத் தொலைபேசியில் பேசி, வந்து சேரும் நேரத்தைச் சொல்லி, பேசியவரின் பெயரைக் குறித்துக்கொள்கிறேன். விடியற்காலையில் வந்து சேர்பவர்கள், அந்த நேரத்தில் அறை கொடுப்பார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. இருபத்து நான்கு மணி நேரக் கணக்கில் அறை தரும் விடுதிகள் இந்த ஊர்களில் இன்னும் இருக்கின்றன. அதிகாலை ரயிலில் வருவோர்க்கு அவையே வசதி.

அடுத்தது: ரயில் சீட்டு

சென்னையிலிருந்து திருச்சிக்கு இரண்டு ரயில் பாதைகள் உண்டு என்பது புதியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாக நேரே திருச்சிக்குச் செல்வது கார்டு லைன். மதுரைக்கும் அதற்குத் தெற்கேயும் செல்லும் ரயில்களில் பெரும்பாலானவை இதில்தான் போகின்றன. விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று டெல்டாவைச் சுற்றிக்கொண்டு திருச்சியை அடைவது மெயின் லைன். நம் பயணத்துக்கு இரண்டாவது பாதைதான் வேண்டும். இரவில் கிளம்பும் உழவன் விரைவு ரயிலில் ஏறினால் விடியலுக்கு முன்பே கும்பகோணத்தில் இறங்கலாம். பகலில் வயல்களைப் பார்த்துக்கொண்டே போக விரும்புவோர்க்குச் சோழன் விரைவு ரயில் ஏற்றது.

முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. வார இறுதிப் பயணமாக இருந்தால் அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கே பதிவு செய்யுங்கள். தவறவிட்டால் தட்கல் உண்டு. பயணத்துக்கு முந்தைய நாள் குளிரூட்டப்பட்ட வகுப்புகளுக்குப் பத்து மணிக்கும் மற்றவற்றுக்குப் பதினொரு மணிக்கும் அது தொடங்கும். இணையத்தில் எடுப்பதாக இருந்தால் உங்கள் கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்புப் பணிகள் நடப்பதால் சில ரயில்கள் அவ்வப்போது தாம்பரத்திலிருந்து புறப்படுகின்றன. சீட்டில் அச்சிட்டுள்ள புறப்படும் நிலையத்தைப் படிக்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம். பேருந்தில் வருவதாக இருந்தால், தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன. நகரின் நடுப்பகுதியிலிருந்து அங்கே போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நான்கு ஊர்களுக்கும் இடையில் முன்பதிவு தேவையில்லை. கும்பகோணத்திலிருந்து தஞ்சைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர், தஞ்சையிலிருந்து திருச்சிக்கு 55 கிலோமீட்டர். பேருந்துகள் ஓயாமல் ஓடுகின்றன. பாசஞ்சர் ரயில்களும் உண்டு. திருச்சியிலிருந்து மதுரைக்கு மட்டும் பகல் ரயில் ஒன்றில் இருக்கை பதிவு செய்துகொள்ளலாம். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 முதல் நடைமுறையில் உள்ளது.

பெட்டியில் வைக்க வேண்டியவை அதிகமில்லை. பருத்தி உடைகள், ஆண்களுக்கு ஒரு வேட்டி, பெண்களுக்குத் துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரோ சேலையோ போதும். அரைக்கால் சட்டையுடன் இந்தக் கோயில்களுக்குள் போக முயல வேண்டாம். எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு, அதை வைத்துக்கொள்ள ஒரு துணிப்பை, வெயில் நேரத்தில் கோயில் பிராகாரத்தில் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி பழைய காலுறை, சிறிய டார்ச் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலுறையைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு அதன் அருமை பதினொரு மணிக்குப் புரியும். பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் கொஞ்சம் இருக்கட்டும். கைப்பேசியில் பணம் செலுத்துவது எங்கும் செல்லும் என்றாலும் செருப்புக் காவலுக்கும் பூவுக்கும் சில்லறை தேவைப்படும். ஆட்டோவில் ஏறும் முன் கட்டணத்தைப் பேசி முடித்துக்கொள்வது, விடுதியில் இருப்பவரிடம் நியாயமான கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவைப்பது ஆகிய இரண்டும் வீண் வாக்குவாதத்தைத் தவிர்க்கும். வெளிநாட்டு நண்பர்களை அழைத்து வருவோர், பல கோயில்களில் கருவறைப் பகுதிக்குள் இந்துக்கள் அல்லாதோர்க்கு அனுமதியில்லை என்பதை அவர்களிடம் ஊரிலேயே சொல்லிவிடுங்கள். வெளித் திருச்சுற்றுகளையும் மண்டபங்களையும் பார்க்க அவர்களுக்குத் தடையிராது.

கும்பகோணம்: முதல் இரண்டு நாட்கள்

இருட்டு விலகும் முன் இறங்கியவர்கள் நேரே விடுதிக்குப் போய்க் குளித்துவிட்டு, ஆறு மணிக்கு ஒரு காபிக்கடையில் நின்று பித்தளை டவரா டம்ளரில் டிகிரி காபி குடித்துவிட்டுத் தெருவில் இறங்குங்கள். ஆதிகும்பேசுவரர், சாரங்கபாணி, நாகேசுவரர், இராமசாமி ஆகிய நான்கு கோயில்களையும் மகாமகக் குளத்தையும் நடந்தே பார்த்துவிடலாம். நான்கையும் ஒரே காலையில் முடிக்க வேண்டியதில்லை. தேர் வடிவில் அமைந்த சாரங்கபாணிக் கருவறையையும், சோழர் காலத் தொடக்கத்துச் சிற்பங்கள் உள்ள நாகேசுவரர் கோயிலையும் முதல் நாள் பாருங்கள். நாகேசுவரர் கோயிலின் வெளிச்சுவரில் உள்ள ஆண், பெண் உருவங்களின் முகங்கள் அருகில் நின்று பார்க்க வேண்டியவை. தெய்வ உருவத்துக்கான பொது முகமாக இல்லாமல், யாரோ ஒருவரை நிறுத்தி வைத்துச் செதுக்கியது போன்ற தனித்தன்மை அவற்றில் இருக்கிறது. சாரங்கபாணி சன்னதித் தெருவிலேயே கணித மேதை இராமானுஜன் வளர்ந்த சிறிய வீடு நினைவில்லமாகப் பராமரிக்கப்படுகிறது. திண்ணையும் ஒரு சிறிய அறையும் கூடமும் மட்டுமே கொண்ட அந்த வீட்டைப் பார்க்கக் கால் மணி நேரம் போதும், ஆனால் தவறவிடக் கூடாது. மகாமகம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. சென்ற முறை 2016-இல் நடந்தது, அடுத்தது 2028 மாசியில் வருகிறது. அந்த மாதத்தில் வருவோர்க்கு இந்த வழிகாட்டி உதவாது. அது முற்றிலும் வேறுவகையான பயணம்.

காலை உணவுக்கு இட்லியுடன் கடப்பா கிடைக்கும் கடையை விசாரித்துப் போங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பு மணக்கச் சேரும் இந்தக் குழம்பு இந்தப் பகுதிக்கே உரியது. எல்லா நாளும் எல்லாக் கடையிலும் செய்வதில்லை.

முதல் நாள் மாலை நான்கு மணிக்குத் தாராசுரம் செல்ல வேண்டும். நகரிலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவுதான். இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் இது. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரத்துடன் சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இணைக்கப்பட்டது. கோயில் தெரு மட்டத்தைவிடத் தாழ்ந்திருப்பதால் மழை பெய்த மறுநாள் நுழைவுப் பகுதியில் நீர் தேங்கி நிற்கக்கூடும். குதிரைகள் இழுக்கும் தேராக அமைந்த முன்மண்டபத்தையும், காளையின் தலையும் யானையின் தலையும் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த சிற்பத்தையும் வழிகாட்டிகள் எல்லோரும் காட்டுவார்கள். அவர்கள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும் இடம் ஒன்று உண்டு: கருவறைச் சுவரின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் நாயன்மார் வரலாற்றுச் சிற்பங்கள். குனிந்து, முடிந்தால் தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய அளவுக்குச் சிறியவை. அவற்றுள் ஒன்றில் முதலை வாயிலிருந்து சிறுவன் வெளிவருகிறான். பல ஆண்டுகளுக்கு முன் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் அவிநாசியில் பாடி மீட்ட கதை அது. கையளவு கல்லில் குளம், முதலை, பிள்ளை, சுந்தரர் எல்லாம் அடங்கியிருக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது. நான் சொன்ன டார்ச் இங்கேதான் பயன்படும். வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து காட்டினால் தேய்ந்த கோடுகளும் எழும்பித் தெரியும்.

இரண்டாம் நாள் காலை சுவாமிமலை. அறுபது தமிழ் ஆண்டுகளைக் குறிப்பதாகச் சொல்லப்படும் அறுபது படிகள் ஏறி முருகனைத் தரிசித்துவிட்டு, இறங்கி வந்து சிலை வார்க்கும் பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு நுழையுங்கள். பெரும்பாலான ஸ்தபதிகள் அன்புடன் விளக்குவார்கள். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை, எனினும் அவர்கள் வேலையை நிறுத்திப் பேசுகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த மெழுகில் முதலில் உருவம் செய்கிறார்கள். அளவுகோலாக இருப்பது ஒரு தென்னையோலை நறுக்கு. சிலையின் உயரத்துக்கு அதை வெட்டி, மடித்து மடித்து முகம், மார்பு, இடை, முழங்கால் என்று அளவுகளைக் குறித்துக்கொள்கிறார்கள். மெழுகின்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்தி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பின் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஓர் அச்சிலிருந்து ஒரே ஒரு சிலைதான் பிறக்கும். ஸ்தபதி ஒருவர் அந்த ஓலை நறுக்கை என் கையில் கொடுத்து மடிக்கச் சொன்னார். என் மடிப்புகள் ஒன்றுகூட ஒன்றோடொன்று ஒத்து வரவில்லை.

அன்று பிற்பகல் அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் சென்று வரலாம். ஏறத்தாழ 35 கிலோமீட்டர். இரண்டு மணிக்குக் கிளம்பினால் நடை திறக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். வாடகைக் கார் வசதியானது. பேருந்தில் போவோர் திரும்பி வரும் பேருந்தின் நேரத்தை அணைக்கரையிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். அங்கே சண்டேசருக்குச் சிவபெருமான் தம் கையாலேயே மாலை சூட்டும் சிற்பத்தை முதலில் பாருங்கள். மற்றவற்றுக்கு நேரம் இல்லாமல் போனாலும் குறையில்லை.

தஞ்சாவூர்: மூன்றாம், நான்காம் நாட்கள்

மூன்றாம் நாள் காலை நிதானமாகக் கிளம்பி, அறையில் பெட்டியை வைத்து, உண்டு உறங்கி, மாலை நான்கு மணிக்குப் பெரிய கோயிலுக்குப் போங்கள். மறுநாள் விடியலில் மறுபடியும் போங்கள். இந்தக் கோயிலை இரண்டு முறை பார்க்க வேண்டும் என்பதில் நான் எந்தச் சமரசமும் செய்துகொள்ள மாட்டேன். மாலை வெயிலில் ஏறத்தாழ 216 அடி உயர விமானம் பொன்னிறத்திலிருந்து சிவப்பாக மாறுவதைப் புல்தரையில் உட்கார்ந்து பார்ப்பது ஓர் அனுபவம்; கூட்டமில்லாத விடியலில் கல்வெட்டுகளை எழுத்துக்கூட்டிப் படிப்பது மற்றோர் அனுபவம்.

மாலையில் ஓர் ஐயத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நாம் கேட்டு வருகிறோம். வெயில் சாயும்போது நின்று பாருங்கள், நிழல் நன்றாகவே விழுகிறது. உச்சியில் இருப்பது ஒரே கல் என்பதும் அப்படிப்பட்ட செய்திதான். அது பல கற்களை இணைத்துச் செய்யப்பட்டது. இந்தக் கட்டுக்கதைகள் இல்லாமலேயே இராசராசன் கட்டியது போதுமான அளவுக்கு வியப்பானது. கருங்கல் கிடைக்காத வண்டல் பூமியில், தொலைவிலிருந்து கல் கொண்டுவந்து, 1010-ஆம் ஆண்டில் நிறைவு செய்த கோயில் அது.

விடியலில் செல்லும்போது விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வாருங்கள். எழுத்துகள் தெளிவானவை, பொறுமையுடன் பார்த்தால் இன்றைய தமிழ் எழுத்துக்கு நெருக்கமான பல எழுத்துகளை அடையாளம் காணலாம். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொன்ன அரசனின் ஆணை இங்கேதான் இருக்கிறது. தான் கொடுத்ததை அடுத்துத் தன் அக்காள் குந்தவை கொடுத்ததைச் சொல்லி, பெயரறியாத மற்றவர்களுக்கும் அதே வரியில் இடம் கொடுத்த அந்த வாசகத்தை நான் எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு நெகிழ்கிறது. இன்னொரு கல்வெட்டு, கோயிலில் பணிபுரிய அழைத்து வரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பெயர்களையும், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பதையும் ஒவ்வொருவராகப் பதிந்துவைத்திருக்கிறது. அதே வளாகத்தில் பாண்டியர் காலத்து அம்மன் கோயிலும், நாயக்கர் காலத்து நந்தியும் முருகன் கோயிலும், மராட்டியர் பொறித்த நீண்ட கல்வெட்டும் இருக்கின்றன. எல்லாவற்றையும் இராசராசன் கணக்கில் எழுதிவிடாமல் பிரித்துப் பார்ப்பது நல்லது. கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் 1931-இல் கண்டறியப்பட்ட சோழர் ஓவியங்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருப்பதில்லை; அவற்றைக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நான்காம் நாள் காலை உணவுக்குப் பின், பத்து மணிக்கு அரண்மனை வளாகம். கலைக்கூடத்தில் திருவெண்காட்டில் கிடைத்த விருஷபவாகனரை, அதாவது காளையின்மேல் சாய்ந்து நிற்கும் சிவனை, தேடிப் பிடியுங்கள். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த செப்புத் திருமேனி. அருகில் இருந்த காளை இன்று இல்லை. அதன்மேல் சாய்ந்து நின்ற கை மட்டும் காற்றில் அப்படியே சாய்ந்திருக்கிறது. காளை இல்லாமலேயே காளையின் உயரம் நமக்குத் தெரிகிறது. பக்கத்திலேயே சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம் உள்ளது. இரண்டாம் சரபோசி மன்னர் சேர்த்த சுவடிகளிலும் நூல்களிலும் சில அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. இந்த இடங்களுக்கு உணவு இடைவேளையும் வார விடுமுறையும் உண்டு என்பதால் முந்தைய மாலையே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவையாறு சென்று, காவிரிப் படித்துறையில் தியாகராசர் சமாதியருகே சிறிது நேரம் இருந்துவிட்டு, பாசிப்பருப்பில் செய்யும் அசோகா அல்வாவை அது பிறந்த ஊரிலேயே சூடாக வாங்கித் தின்று திரும்பலாம்.

திருச்சிராப்பள்ளி: ஐந்தாம் நாள்

இங்கே ஒரு நாள் போதும். அதை நன்றாகப் பயன்படுத்த வேண்டும். தஞ்சையிலிருந்து ஆறு மணிக்கே கிளம்பிப் பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு முன் ஸ்ரீரங்கம் சேருங்கள். ஏழு திருச்சுற்றுகளில் வெளியே உள்ளவை மக்கள் குடியிருக்கும் தெருக்கள். 1987-இல் நிறைவு பெற்ற 236 அடி இராசகோபுரத்தின் கீழேயே நகரப் பேருந்து உங்களை இறக்கிவிடும். அங்கிருந்து உள்ளே நடக்கும்போது ஊர் எங்கே முடிந்து கோயில் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். பதினொன்றரைக்குத் திருவானைக்கா வந்துவிடுங்கள். மற்ற இடங்களில் நடை சாத்தும் நேரத்தில் இங்கே உச்சிக்கால பூசை நடக்கிறது: அர்ச்சகர் சேலை உடுத்திக் கிரீடம் அணிந்து, அகிலாண்டேசுவரியாகவே மேளதாளத்துடன் நடந்து சென்று சம்புகேசுவரரைப் பூசிக்கிறார். நடுப்பகலில் எங்காவது நிற்க வேண்டுமானால் இங்கே நில்லுங்கள். மாலை ஐந்து மணிக்கு மலைக்கோட்டை. நானூறுக்கும் மேற்பட்ட படிகள், ஆனால் பெரும்பகுதி கூரையின் கீழ். முழங்கால் வலி உள்ளவர்கள் தாயுமானவர் கோயிலோடு நின்றுகொள்ளலாம். உச்சியிலிருந்து காவிரியும் கொள்ளிடமும் நடுவே ஸ்ரீரங்கமும் ஒரே பார்வையில் தெரியும்.

மதுரை: கடைசி இரண்டு நாட்கள்

ஆறாம் நாள் காலை ரயிலில் கிளம்பினால் உச்சிவெயிலுக்கு முன் மதுரை. விடுதியை மாசி வீதிகளுக்குள்ளோ ரயில் நிலையத்துக்கும் மேல மாசி வீதிக்கும் இடையிலோ எடுங்கள்; எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். நகரின் அமைப்பைப் புரிந்துகொண்டால் வழி தவறாது: கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. ஒவ்வொன்றும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு பக்கமும் அதே பெயரில் ஓடுவதால், "மாசி வீதி" என்று மட்டும் முகவரி குறித்துக்கொண்டு வந்தால் அலைய வேண்டியிருக்கும். திசையையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை. வாசலில் ஒப்படைக்க வரிசையில் நிற்பதைவிட அறையிலேயே வைத்துவிட்டு வருவது எளிது. கிழக்கே அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்து அம்மனை முதலில் தரிசிப்பது மதுரை வழக்கம். கம்பத்தடி மண்டபத்தில் திருக்கல்யாணச் சிற்பத்தின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். திருமால் தாரை வார்க்க, சொக்கரின் கையில் கை வைத்திருக்கும் மீனாட்சி நாணத்தில் லேசாகத் தலை சாய்த்திருக்கிறாள். பாண்டிய நாட்டை ஆண்டவள் என்று புராணம் சொல்லும் அரசியின் முகத்தில் அந்த ஒரு நொடியைச் சிற்பி பிடித்து வைத்திருக்கிறார். முதல் நாள் இரவே பள்ளியறைப் பூசைக்கும் இருங்கள். நடை சாத்தும் முன், சொக்கரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, நாகசுரமும் சாம்பிராணிப் புகையும் சூழ, அம்மன் சன்னதிப் பள்ளியறைக்கு எடுத்துச் செல்கிறார்கள். பகல் கூட்டத்தில் பார்த்த கோயிலா இது என்று தோன்றும் அளவுக்கு அந்த நேரத்தில் அங்கே அமைதி இருக்கும்.

கோயிலை விட்டு வெளியே வந்தால் ஊர் விழித்திருக்கும். இட்லியும் கறிதோசையும் பரோட்டாவும் நள்ளிரவுக்கு அருகிலும் சூடாகக் கிடைக்கும். கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்த பருத்திப்பாலைத் தள்ளுவண்டியில் குடித்துப் பாருங்கள். ஜிகர்தண்டாவைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் நாள் காலையில் கீழடி. மதுரையிலிருந்து தென்கிழக்கே பதின்மூன்று கிலோமீட்டர் அளவில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. தமிழின் பழைய எழுத்தான தமிழியில் ஆதன் என்று பெயர் கீறிய பானை ஓட்டின் முன் நிற்கும்போது, தன் பானையில் தன் பெயரை எழுதிவைக்கத் தெரிந்த ஒரு மனிதர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறார். பிற்பகலில் இராணி மங்கம்மாள் அரண்மனையில் இயங்கும் காந்தி அருங்காட்சியகம். காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில்தான் மேலாடையைத் துறந்து எளிய உடைக்கு மாறினார். மேல மாசி வீதியில் அவர் அன்று தங்கியிருந்த வீட்டையும் விடுதிக்குத் திரும்பும் வழியில் பார்க்கலாம். சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் அணிந்திருந்த துணி இந்த அருங்காட்சியகத்தில் உள்ளது. குழந்தைகளை அழைத்துச் செல்வோர் முன்பே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். மாலையில் 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகால். இருட்டியதும் ஒலி-ஒளிக் காட்சி உண்டா என்று அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் நாள் காலை வைகை விரைவு ரயிலில் சென்னை திரும்பலாம். பாண்டியன் விரைவு ரயில் இரவு ஒன்பது மணியை ஒட்டிக் கிளம்புவதால், அதில் போகிறவர்களுக்குக் கடைசி நாளில் பள்ளியறைப் பூசை கிடைக்காது. முதல் இரவே பார்த்துவிடச் சொன்னது அதனால்தான். வீட்டுக்கு மல்லிகை வாங்க வேண்டும் என்றால் மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு விடியலில் போங்கள். தை மாதப் பனியில் வரத்துக் குறைந்து விலை ஏறியிருக்கும், இருந்தாலும் ஒரு முழமாவது வாங்குங்கள். "ஊருக்குக் கொண்டு போகணும்" என்று சொன்னால், பூக்கார அம்மா விரிந்த பூவை ஒதுக்கிவிட்டு இறுக்கமான மொட்டாகப் பார்த்துத் தொடுத்து, வாழையிலையில் சுற்றி, நாரால் கட்டி, தண்ணீர் தெளித்துத் தருவார். ரயில் விழுப்புரத்தைத் தாண்டும்போது பொட்டலம் மணக்கத் தொடங்கும்.